எக்ஸி ஃபைல் இருந்தாத்தான் கேமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மாணவர் பக்கத்துல, பிள்ளைங்க கேம் டெவலப்பர் ஆகணும்னா பெத்தவங்க என்ன வாங்கிக் கொடுக்கணும்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நல்ல விஷயம்தான், நம்ம பத்திரிகைங்கள்ல இதெல்லாம் வர்றதே அபூர்வம், ஆனா முதல் பத்தியிலயே நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள விண்டோஸ் லேப்டாப் கட்டாயம்னு போட்டுட்டீங்க பாருங்க, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நான் கெடா பாடாங் செராய்ல கம்ப்யூட்டர், போன் ரிப்பேர் கடை வச்சிருக்கேன். கட்டுரை வந்ததுலேர்ந்து பேப்பரை மடிச்சு கையில வச்சுக்கிட்டு ஆளுங்க வர்றாங்க, "தம்பி இந்த மாதிரி லேப்டாப் எவ்வளவு வரும்"னு கேக்குறாங்க, புதுசுன்னா மூவாயிரம் நாலாயிரம் வெள்ளின்னு சொன்னதும் முகம் சுருங்கிப்போவுது. தோட்டத்துல செம்பனைக் குலை வெட்டுற ஒருத்தர் லோன் போடலாமான்னு என்கிட்டயே யோசனை கேட்டாரு. வேணாம்ணே, வீட்ல என்ன கிடக்குதோ அதைத் தூக்கிட்டு வாங்க, பாத்துக்கலாம்னு சொல்லி அனுப்பினேன்.

எங்க பக்கம் பிள்ளைங்க கைக்கு மெஷின் எப்படி வருதுன்னு கொஞ்சம் சொல்றேன். கூலிம் ஹைடெக் பார்க் எங்களுக்குப் பக்கம், அங்க இங்கனு ஆபீஸ்ல கழிச்சுப் போடுற லேப்டாப்புங்க லாட்டா வெளிய வரும், அதுல நல்லதைப் பொறுக்கி ரேம் ஏத்தி எஸ்எஸ்டி மாத்தி விக்கிறதுதான் என் பொழப்புல பாதி. 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு வழக்கமான சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, 11 போடலாம்னா டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு வசதி மெஷின்ல இருக்கணும், இன்டெல் சிப்புன்னா பெரும்பாலும் எட்டாவது ஜெனரேஷன்லேர்ந்துதான் ஏத்துக்கும், அதனால நல்லா ஓடிக்கிட்டிருக்குற மெஷின் எல்லாம் திடீர்னு குப்பைக் கணக்குல வந்துருச்சு. நான் அதுல லினக்ஸ் மின்ட்ங்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டுக் கொடுக்குறேன், நல்லாவே ஓடுது. அப்ப பாருங்க, பையன் வீட்ல லினக்ஸ், ஸ்கூல் லேப்ல விண்டோஸ், காலேஜ் போற அக்கா கையில மேக்புக், மத்த எல்லாருக்கும் ஆண்ட்ராய்ட் போன். நாலு கூட்டாளிங்க சேர்ந்து ஒரு கேம் பண்ணலாம்னு உக்காந்தா நாலு ஆபரேட்டிங் சிஸ்டம் வந்து நிக்குது. கேமை முடிச்சுட்டு அப்புறமா மத்த சிஸ்டத்துக்கு மாத்திக்கலாம்ங்கிற வசதியெல்லாம் பட்டணத்து கம்பெனிக்கு, இங்க அது முதல் நாளே ஆரம்பிக்கிற வேலை.

அது ஒண்ணும் கெடுதல் இல்லன்னுதான் நான் சொல்ல வர்றேன். 1993ல வந்த டூம்ங்கிற துப்பாக்கிச் சண்டை கேமை எடுத்துக்குங்க, ஓடினது அந்தக் காலத்து பிசியில இருந்த டாஸ்ங்கிற சிஸ்டத்துல, ஆனா அதோட ப்ரோக்ராமர் ஜான் கார்மாக்கும் அவர் ஆளுங்களும் அதை எழுதினது நெக்ஸ்ட்ஸ்டெப்ங்கிற வேற சிஸ்டத்துல, அந்த நெக்ஸ்ட் கம்ப்யூட்டர் ஆப்பிளை விட்டு வெளிய வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் கம்பெனி பண்ணினது. செய்யிற மெஷின் வேற, விளையாடுற மெஷின் வேறன்னு அப்பவே பழகிட்டதால எதெது அந்தந்த சிஸ்டத்தைத் தொடுதோ அதைத் தனியா ஒதுக்கி எழுதினாங்க, அதனாலதான் அது பின்னாடி அத்தனை மெஷினுக்குப் போச்சு. 1997 கடைசியில கேமை எழுதின நிரலான சோர்ஸ் கோடை வெளிய விட்டப்பகூட விட்டது லினக்ஸ் வெர்ஷன்தான், ஏன்னா டாஸ் வெர்ஷன்ல சத்தத்துக்குப் போட்டிருந்த லைப்ரரி, அதாவது முன்னாடியே எழுதி வச்ச நிரல், வேற ஒருத்தர் சொத்து.

இப்ப அந்த ஒதுக்குற வேலையை நமக்காகச் செஞ்சு வச்சிருக்காங்க. எஸ்டிஎல்னு ஒரு லைப்ரரி, சாம் லான்டிங்கா 1998ல வெளிய விட்டது, விண்டோ திறக்குறது, கீபோர்டு, ஜாய்ஸ்டிக், சத்தம் எல்லாத்தையும் எந்த சிஸ்டமா இருந்தாலும் ஒரே மாதிரி கூப்பிடலாம். சி மொழி தெரியாத பிள்ளைங்களுக்கு கோடோங்கிற கேம் பண்ற சாப்ட்வேர் இருக்கு, அர்ஜென்டினாக்காரங்க ரெண்டு பேர் ஆரம்பிச்சது, 2014லேர்ந்து எம்ஐடி லைசென்ஸ்ல இலவசம், யாருக்கும் அஞ்சு காசு கட்டத் தேவையில்ல. யூனிட்டிங்கிற இன்னொரு கேம் சாப்ட்வேரும் நல்ல சாமான்தான், அது லினக்ஸ்லயும் மேக்லயும் ஓடும், குறை சொல்லல, ஆனா 2023ல கேமை ஒருத்தர் இன்ஸ்டால் பண்ணினா அதுக்கு ஒரு காசுன்னு அறிவிச்சு உலகமே சத்தம் போட்ட பிறகு, ஒரு வருஷம் கழிச்சு அந்தக் கட்டணத்தையே எடுத்துட்டாங்க, அந்த மாதிரி தலைவலி நம்ம பிள்ளைங்களுக்கு எதுக்கு. கோடோ டவுன்லோட் 100 எம்பி சுத்திதான், இன்ஸ்டால்கூட வேணாம், பென்டிரைவ்லயே ஓடும். முடிச்ச கேமை ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் எடுக்கத் தேவைப்படுற எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட் மட்டும் தனியா கிட்டத்தட்ட 1 ஜிபி, தோட்டத்துப் பக்கம் லைன் இழுக்காது, அதனால நான் கடையில ஒரு தடவை இறக்கி வச்சிட்டு பிள்ளைங்க வந்தா காப்பி பண்ணிக் கொடுத்துடுவேன்.

சரி, சாமான் இலவசம்னதும் எல்லாம் தானா ஓடிரும்னு நினைக்காதீங்க. கட்டுரையில "ஒரு பட்டனைத் தட்டினால் எல்லா சிஸ்டத்திலும் ஓடும்"னு இன்னொரு வரி வந்திருந்துச்சு, அதை எழுதினவர் ஒரு தடவையாவது தட்டிப் பாத்திருப்பாரான்னு எனக்கு சந்தேகம்.

என் கடைக்கு வர்ற ஒரு கூட்டத்தைச் சொல்றேன். படிவம் நாலு படிக்கிற பையன் கோடு எழுதுறான், அவன் கூடப் படிக்கிற பொண்ணு படம் வரையுது. கேம் என்னன்னா செம்பனைக் குலையைக் கம்பியில குத்தித் தூக்கி லாரியில போடணும், நடுவுல காட்டுப்பன்னி வந்து முட்டும், முட்டினா பழமெல்லாம் சிதறிரும், பொறுக்கணும். பொண்ணு விண்டோஸ்ல வேலை செஞ்சிச்சு, ஓட்டினா பன்னி நல்லா ஓடுது. அதே ஃபோல்டரை பையன் லினக்ஸ்ல திறந்தா பன்னியைக் காணோம், சிவப்பு எழுத்துல ஃபைல் இல்லன்னு வருது, ஆனா ஃபோல்டர்ல ஃபைல் கண்ணுக்கு முன்னாடி இருக்கு. ரெண்டும் சண்டை போட்டுக்கிட்டு கடைக்கு வந்துச்சுங்க, நீ அழிச்சிட்ட நீ அழிச்சிட்டன்னு. பாத்தா படத்தோட பேர்ல முதல் எழுத்து கேப்பிட்டல், கோடுல சின்ன எழுத்து. விண்டோஸுக்கு ரெண்டும் ஒண்ணுதான், மேக்கும் அப்படியே விட்டா ஒண்ணாதான் எடுத்துக்கும், லினக்ஸுக்கு ரெண்டும் வேற வேற ஃபைல், ஆண்ட்ராய்டும் உள்ளுக்குள்ள லினக்ஸ்தான், வெப் சர்வர்ல முக்காவாசியும் அப்படித்தான். இதுல இன்னொரு விவகாரம் இருக்கு, கோடோவுல எக்ஸ்போர்ட் பண்ணினா எல்லா ஃபைலையும் ஒரு மூட்டையா கட்டும், அந்த மூட்டைக்குள்ள கேப்பிட்டல் சின்னது பாக்கும், அதனால விண்டோஸ்லயே எடிட்டர்ல ஓடின கேம் எக்ஸ்போர்ட் ஆன பிறகு ஓடாது. எல்லாப் பேரையும் சின்ன எழுத்துல வை, இடைவெளிக்கு அண்டர்ஸ்கோர் போடுன்னு சொல்லி, கடைச் சுவத்துல ஒரு அட்டையில எழுதியே ஒட்டிட்டேன். கேம் பண்ணாதவங்க வந்து படிச்சுட்டு இது என்ன மந்திரம்னு கேக்குறாங்க.

அடுத்தது ஸ்கோரை எங்க சேவ் பண்றதுங்கிறது. பையன் கேம் இருக்குற ஃபோல்டர்லயே எழுதச் சொல்லியிருந்தான், அவன் மெஷின்ல சரி, ஆனா விண்டோஸ்ல ப்ரோக்ராம் ஃபைல்ஸ் உள்ள போட்டா எழுத விடாது, மேக்ல ஆப்புக்குள்ளயே எழுதக் கூடாது. விண்டோஸ்ல ஆப்டேட்டா, மேக்ல லைப்ரரிக்குள்ள அப்ளிகேஷன் சப்போர்ட், லினக்ஸ்ல ஹோமுக்குள்ள மறைஞ்சிருக்குற ஒரு ஃபோல்டர்னு ஆளுக்கு ஒரு இடம், அதையெல்லாம் நாம கையால எழுதக் கூடாது, கோடோவுல யூசர்னு ஆரம்பிக்கிற பாதையைக் கொடுத்தா அது பாத்துக்கும், எஸ்டிஎல்லயும் அதுக்குன்னே ஒரு ஃபங்ஷன் இருக்கு.

பன்னி வேகம் இன்னொரு கதை. சித்தப்பா வீட்டு 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல ஓட்டினா பன்னி ரெண்டு மடங்குக்கு மேல பறக்குது, யாராலயும் தப்பிக்க முடியல, ஏன்னா ஒவ்வொரு பிரேமுக்கும் இத்தனை பிக்சல் நகருன்னு எழுதியிருந்தான், சாதாரண மானிட்டர் செகண்டுக்கு 60 தடவை படத்தை மாத்தும், அது 144 தடவை. பிரேமுக்கு நடுவுல ஆன நேரத்தால பெருக்கணும், டெல்டான்னு சொல்லுவாங்க. இதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நான் இல்ல, ஸ்கூல் பிசிக்ஸ் டீச்சர். வேகம், நேரம், தூரம்தானடா இதுன்னு அவங்க சொன்னதும் பையனுக்குச் சட்டுனு புரிஞ்சிருச்சு.

திரையில படம் காட்ட கிராபிக்ஸ் சிப்புகிட்ட பேசுற வழியில ஒவ்வொரு சிஸ்டமும் ஒவ்வொரு திசையில போவுது, விண்டோஸ்ல டைரக்ட்எக்ஸ், ஆப்பிள்ல மெட்டல், லினக்ஸ்லயும் ஆண்ட்ராய்ட்லயும் வல்கன். எல்லா இடத்துலயும் இருந்த ஓப்பன்ஜிஎல்லை ஆப்பிள் 2018லயே இனி வளர்க்க மாட்டோம்னு சொல்லிருச்சு, ஆனா இன்னும் எடுத்துப் போடல. பிள்ளைங்க இதுல மண்டையை உடைச்சுக்க வேணாம், கோடோவுல புது ப்ராஜெக்ட் திறக்குறப்பவே கம்பாட்டிபிலிட்டிங்கிறதைத் தேர்ந்தெடுத்துக்கிட்டா போதும், அது பழைய ஓப்பன்ஜிஎல் வழியில போகும், நான் விக்கிற பழைய லேப்டாப்லயும் ஓடும், பிரௌசர்லயும் ஓடும். வெளிச்சம் நிழலெல்லாம் கொஞ்சம் சாதாரணமா இருக்கும், பன்னிக்கு அது போதும்.

இனிமே சொல்றதைப் பத்திரிகைக்காரங்க நீங்க கவனிக்கணும், ஏன்னா இது தமிழ் சம்பந்தப்பட்டது. பையன் பழைய டுடோரியல் ஒண்ணைப் பாத்து கோடோ 3ல ஆரம்பிச்சான், பட்டன்ல "தொடங்கு"ன்னு போட்டா த எழுத்துக்கு முன்னாடி நிக்கவேண்டிய கொம்பு இடம் தப்பிப் போய், பாக்கவே கோரமா இருந்துச்சு. சலிச்சுப்போயி "ஸ்டார்ட்"னு போட்டுட்டான். தமிழ்ல கொம்பும் காலும் எழுத்தோட ரெண்டு பக்கமும் பிரிஞ்சு நிக்கணும்னா அதுக்குன்னு ஒரு வேலை நடக்கணும், ஹார்ஃப்பஸ்னு ஒரு லைப்ரரி அதைச் செய்யுது, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்ட் எல்லாம் அதை வச்சுத்தான் தமிழ் காட்டுது, கோடோவுல அது 2023ல வந்த நாலாவது வெர்ஷன்லேர்ந்துதான் சேர்ந்துச்சு. வெர்ஷனை மாத்தினோம், எழுத்து சரியாச்சு. ஆனா ஃபான்ட் பிரச்சினை மிச்சம் இருந்துச்சு. விண்டோஸ்ல நிர்மலா இருக்கு, ஆப்பிள்ல நம்ம மலேசியாக்காரர் முத்து நெடுமாறன் செஞ்ச இணைமதி இருக்கு, முரசு அஞ்சல் தமிழ் டைப்பிங் சாப்ட்வேர் கொடுத்தவரேதான், ஆனா ஏதோ ஒரு லினக்ஸ்ல தமிழ் ஃபான்டே இல்லாம கட்டம் கட்டமா வரும். அதனால சிஸ்டத்து ஃபான்டை நம்பாம நோட்டோ சான்ஸ் தமிழ்ங்கிற ஃபான்டை கேம் உள்ளயே வச்சு அனுப்பச் சொன்னேன், அதோட லைசென்ஸ் அதுக்கு இடம் கொடுக்குது. இப்ப "தொடங்கு" எல்லா மெஷின்லயும் ஒழுங்கா நிக்குது. பையனோட ஆயா பாத்துட்டு அட தமிழ்ல வருதேன்னாங்க, விளையாடல, ஆனா படிச்சாங்க.

லினக்ஸ்ல இப்பதான் விண்டோஸ் கேமே ஓடுதே, அப்புறம் எதுக்கு இவ்வளவு பாடுன்னு சில பேர் கேப்பாங்க. உண்மைதான், விண்டோஸ் கேமை லினக்ஸ்ல ஓட்டுற புரோட்டானை வால்வ் கம்பெனி 2018ல விட்ட பிறகு நிலைமை ரொம்ப மாறிருச்சு, 2022ல வந்த அவங்க கையடக்க கேம் மெஷின் ஸ்டீம் டெக் முழுக்க லினக்ஸ்தான், அதுல விண்டோஸ் கேமைத்தான் ஜனங்க விளையாடுறாங்க. ஆனா அது டைரக்ட்எக்ஸை வல்கனுக்கு மொழிபெயர்த்து ஓட்டுற வித்தை, வல்கன் தெரியாத பழைய லேப்டாப்ல ஒண்ணு ஓடாது, இல்லன்னா நொண்டும். கைக்கு நேரா சொந்த வெர்ஷன் எடுத்துக் கொடுக்க முடியிறப்ப எதுக்குச் சுத்தி வளைச்சுப் போகணும்?

இப்ப ஆதங்கத்துக்கு வர்றேன். இந்தப் பிள்ளைங்க கேமை மாணவர் போட்டி ஒண்ணுக்கு அனுப்புச்சுங்க, யார் நடத்தினதுன்னு பேர் சொல்ல விரும்பல. விதிமுறையில விண்டோஸ்ல தட்டினா ஓடுற எக்ஸி ஃபைல் மட்டும்தான் ஏத்துக்குவோம்னு போட்டிருந்துச்சு. பரவாயில்ல, லினக்ஸ்ல இருந்தே எக்ஸி எடுக்கலாம், பையன் எடுத்தான், என் கடை விண்டோஸ்ல ஓட்டிப் பாத்துட்டுத்தான் அனுப்பினோம். அங்க நீதிபதி டவுன்லோட் பண்ணித் தட்டினதும் விண்டோஸ் நீலப் பெட்டி காட்டி இது யார் செஞ்சதுன்னு தெரியல, ஆபத்தா இருக்கலாம்னு நிறுத்திருச்சு. டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் வாங்காத புது எக்ஸிக்குப் பெரும்பாலும் அது வரும், அதுக்கு வருஷா வருஷம் காசு கட்டணும், தோட்டத்துப் பையன் எங்க போவான். ஓடவில்லைன்னு ஒரே வார்த்தையில தள்ளிட்டாங்க. பிரௌசர்ல ஓடுற லிங்க் அனுப்புறோம்னு கேட்டதுக்கு விதியில இல்லன்னு பதில் வந்துச்சு. நீதிபதி மேல எனக்குக் கோபம் இல்ல, தெரியாத எக்ஸியைத் தட்டாம விட்டது சரிதான், நானே கடைக்கு வர்றவங்களுக்கு அதைத்தான் சொல்றேன். ஆபத்தான வழியைக் கட்டாயமாக்கிட்டு ஆபத்து இல்லாத வழியை மூடி வச்சிருக்காங்களே, அதுதான் எனக்குப் புரியல. பிரௌசர்ல ஓடுற கேம் அந்த டேப்புக்குள்ளேயே கிடக்கும், நீதிபதி லேப்டாப்ல கைவைக்காது, விண்டோஸ், மேக், லினக்ஸ், குரோம்புக் எதுலயும் திறக்கும்.

முன்ன வெப்ல ஏத்துறதுல கோடோவுக்கு ஒரு சிக்கல் இருந்தது வாஸ்தவம், சர்வர் பக்கம் சில செட்டிங் மாத்தணும், ஐபோன்ல தகராறு பண்ணும், 2024 ஆகஸ்ட்ல வந்த 4.3லேர்ந்து அந்தச் செட்டிங் இல்லாமலே ஏத்தலாம். இட்ச்ங்கிற தளத்துல இலவசமா வைக்கலாம். ஒண்ணு மட்டும், ஃபோல்டரைத் திறந்து எச்டிஎம்எல் ஃபைலை டபுள் கிளிக் பண்ணினா ஓடாது, சர்வர்ல இருந்துதான் வரணும், போட்டி நடத்துறவங்க இதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டா நல்லது.

லினக்ஸ் வெர்ஷன் கேட்டாலும் ஒரு சின்ன விஷயம் இருக்கு, விண்டோஸ்ல இருந்து ஜிப் பண்ணி அனுப்பினா ஃபைலை ஓட்டுற அனுமதி போயிரும், வாங்கினவர் ப்ராப்பர்டீஸ்ல போய் அந்த டிக்கைத் திரும்பப் போடணும். மேக் பத்திப் பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, ஆப்பிளுக்கு வருஷம் 99 அமெரிக்க டாலர் கட்டி முத்திரை வாங்கலன்னா திறக்குறதுக்குள்ள ஆயிரம் கேள்வி கேக்கும், அந்தக் காசுக்கு எங்க ஊர்ல ஒரு பையனுக்கு செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பே வாங்கிடலாம். கூகுள் பிளேல போட ஒரே தடவை 25 டாலர், வால்வோட ஸ்டீம் கேம் கடையில போட ஒரு கேமுக்கு 100 டாலர். விக்கணும்னு முடிவு பண்ணின பிறகு இதையெல்லாம் யோசிச்சா போதும், படிவம் நாலுல வேணாம்.

அதனால ஐயா, ரெண்டு விஷயம் கேக்குறேன். அந்தக் கட்டுரையை எழுதினவரை மறுபடி எழுதச் சொல்லுங்க, 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருக்குற எந்தப் பழைய லேப்டாப்பும் ஆரம்பிக்கப் போதும், அதுல லினக்ஸ் இருந்தாலும் பரவாயில்லன்னு பெத்தவங்க கண்ணுல படுற மாதிரி போடுங்க, விலைப் பட்டியல் போடுறதா இருந்தா செகண்ட் ஹேண்ட் விலையும் சேர்த்துப் போடுங்க. ரெண்டாவது, மாணவர் கேம் போட்டின்னு யாராவது அறிவிப்பு கொண்டுவந்து கொடுத்தா, பிரௌசர் லிங்க் ஏத்துக்குவீங்களான்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டு, பதிலையும் அறிவிப்புக்குக் கீழயே போட்டுடுங்க. பன்னி கேமோட லிங்க் வேணும்னா பையன் அப்பாகிட்ட கேட்டு அனுப்பி வைக்கிறேன், ரெண்டாவது லெவல் மட்டும் இன்னும் முடியல, லாரி பாதையில சிக்கிக்குது.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் கடைக்காரன்,
பாடாங் செராய், கெடா.